அலமாரியின் உள்பக்கக் கொண்டி

முருகேஸ்வரியின் அலமாரியைப் பார்ப்பதற்கென்றே எஸ்டேட்டின் மேல் டிவிஷனிலிருந்து பெண்கள் இறங்கி வந்ததுண்டு. தேவிகுளத்துக்குக் கீழே, தேயிலைச் சரிவில், ஒரே தகரக் கூரைக்கடியில் ஒட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு லயம் என்று பெயர். அந்த லயத்தில் கடைசிக்கு முந்தைய வீடு அவளுடையது. ஒரு அறை, ஒரு அடுப்படி. அறைச் சுவரில் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு குடைவு. அதற்குள் பலகைகள், முன்னால் ஒரு மரக்கதவு. மூன்று பேருடைய துணிமணியும் மளிகையும் மழைக்கோட்டும் பள்ளிக்கூடப் பையும் அந்தக் குடைவுக்குள்தான் பிழைக்க வேண்டும்.

பிழைக்க வைத்திருந்தாள். சேலைகளை அவள் மடிப்பதில்லை. பாயைப் போல இறுக்கிச் சுருட்டி, பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டி, நெருக்கி நிற்க வைப்பாள். பிளாஸ்டிக் டப்பாக்களின் மூடிகளை மேல் பலகையின் அடியில் ஆணியடித்துப் பொருத்தி, டப்பாவைக் கீழிருந்து திருகிவிட்டிருந்தாள். மல்லியும் சீரகமும் கடுகும் காய் காய்த்தது போலத் தொங்கின. கதவின் உள்முகத்தில் ஒரு சாக்கு. அதில் கிழிந்த ஜீன்ஸ் பேண்டுகளிலிருந்து வெட்டித் தைத்த பைகள். சீப்பு, மருந்துச் சீட்டு, ஊசி நூல், மெழுகுவர்த்தி எல்லாம் அந்தப் பைகளுக்குள் குடியிருந்தன. எங்கோ கழித்துப் போட்ட பிவிசி குழாயை அறுத்து, அதில் குடைகளைச் செருகியிருந்தாள்.

"எங்கட்டி படிச்ச இதெல்லாம்?" என்று பெண்கள் கேட்பார்கள்.

"போன்லதான். அதுல வெள்ளக்காரிக்கு நம்ம வீடு பெருசுக்கு அலமாரி இருக்கு. அதுவே பத்தலன்னு அழுதா அவ."

சிரிப்பார்கள். கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். ஒருத்தியும் கவனிக்காதது ஒன்று உண்டு. மற்ற வீடுகளில் அடிக்கடி வேண்டிய பொருள் முன்னால் இருக்கும். இவளோ, புருஷன் பாண்டித்துரையின் கைக்கு முதலில் எட்டுவது எது என்று பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தாள்.

கண்ணாடிப் பாட்டில்கள் டப்பாக்களாக மாறியது அவளுடைய இடது புருவம் கிழிந்த மழைக்காலத்தில். குடைகள் குழாய்க்குள் போய் இறுகியது விலா எலும்பு விரிசல் விட்ட பிறகு. இரும்புக் கரண்டி மூலைக்குப் போய், சிரட்டை அகப்பை முன்னுக்கு வந்தது. மண்டையில் பட்டால் உடைவது அகப்பைதான். தூக்க முடியாத கனம் எல்லாம் தரையில், அலமாரிக் கதவோரம்: அரிசி டின், அம்மிக் குழவி. குடித்துவிட்டு வருகிறவன் குனிந்தால் தள்ளாடுவான், நிமிர்வதற்குள் நாம் வாசலுக்குப் போய்விடலாம் என்பது அவள் கணக்கு. அவள் உடம்பில் உள்ள ஒவ்வொரு தழும்புக்கும் அந்த வீட்டில் ஒரு பொருள் இடம் மாறியிருந்தது.

பாண்டித்துரை சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவன். ஜீப்பில் உட்கார்ந்தால் "சாரே", "மேடம்" என்று வாயில் வெல்லம் ஒழுகும். பனி மூடினால் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுப்பான். வீட்டுக்கு வரும்போது அந்த வெல்லம் தீர்ந்திருக்கும். சோறு ஆறியிருந்தால் அடி, சூடாக இருந்தால் அதற்கும் அடி. லயத்துச் சுவர்கள் வழியே தும்மல் கூடக் கேட்கும். ஆனாலும் ஒரு வீட்டில் அடி விழும்போது மற்ற வீடுகளில் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பது லயத்து மரியாதை. கேட்கவில்லை என்று காட்டிக்கொள்வது. முருகேஸ்வரி அடி வாங்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் சீரியல்காரிகள் உரக்க அழுவார்கள்.

மகள் ஆர்த்தி ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் அவன் முருகேஸ்வரியின் தலைமுடியைச் சுற்றிப் பிடித்து அலமாரியோடு மோதினான். அடிப்பலகை இரண்டாக முறிந்தது. அவள் வாயிலிருந்து ரத்தம் வழியக் கிடந்தாள். அவன் பார்வை பிள்ளைமேல் திரும்பியது. "என்னட்டி முறைக்க?" என்று அதன் கையைப் பிடித்து முறுக்கினான். அன்றைக்கு அந்தச் சின்ன மணிக்கட்டு வீங்கிப் போனது.

மறுநாள் முறிந்த பலகையைப் பிடுங்கியபோதுதான் அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். பலகை போன பிறகு அலமாரியின் அடிப்பாகம் வெறுமையாக இருந்தது. பிள்ளையை உட்கார வைத்துப் பார்த்தாள். முழங்காலை மடக்கினால் சரியாக அடங்கியது.

அப்போதிருந்துதான் இந்தச் சுருட்டலும் தொங்கலும் தையலும். மூன்று பேருடைய பொருளை அரை அலமாரிக்குள் அடக்கி, மீதிப் பாதியைப் பிள்ளைக்காகக் காலியாக வைத்திருக்க வேண்டும். அதுதான் அவளுடைய வித்தை. கீழே ஒரு தலையணை, ஒரு தண்ணீர்ப் பாட்டில். ஜீப் வளைவில் திரும்பும் சத்தத்திலேயே அப்பாவின் கியர் மாறுவதைக் கேட்டு, இன்றைக்கு எப்படி என்று ஆர்த்திக்குத் தெரியும். போய் உட்கார்ந்துகொள்வாள்.

பாண்டித்துரைக்கு இது தெரியாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அவன் அந்த அலமாரியைத் திறந்ததே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து, "சட்டை எங்கட்டி?" என்று கேட்பான், அவள் எடுத்து நீட்டுவாள். கைலி, துண்டு, தலைவலி மாத்திரை எல்லாம் அப்படித்தான் அவன் கைக்கு வந்தன. அலமாரியைத் திறந்து தன் சட்டையைத் தானே எடுக்கிற ஆம்பளை அந்த லயத்திலேயே இல்லை.

பிள்ளை வளர்ந்தது. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் காலை மடக்கி உட்கார்ந்தால் முதுகு கதவைத் தள்ளியது. ஒரு நாள் கதவு தானாகத் திறந்துகொள்ளப் பார்த்தது. அவன் அந்த நேரம் வாசலில் காறித் துப்பிக்கொண்டிருந்ததால் தப்பித்தது. மறுநாள் மூணாறு சந்தையில் ஒரு இரும்புக் கொண்டி வாங்கி வந்து கதவின் உள்பக்கம் திருகினாள்.

அதைப் பார்த்துவிட்டவள் அன்னாள். கடைசி வீட்டுக்காரி, சிலுவைராஜின் மனைவி. சீனி கடன் வாங்க வந்தவள் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏட்டி, வெளிய போட வேண்டிய கொண்டிய உள்ள போட்டிருக்க?"

முருகேஸ்வரி கதவைச் சாத்தப் பார்த்தாள். "மாத்தித் திருகிட்டேன் மதினி. புத்தி எங்கயோ இருந்திச்சு."

"அரிசியும் பருப்புமா உள்ள போய்க் கொண்டி போட்டுக்கிடப் போகுது?"

கேட்டுவிட்டு அன்னாள் குனிந்து தலையணையைப் பார்த்தாள். சீனியை மறந்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் தோட்டத்தில் வேலை முடிந்து, இருவரும் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு ஏறி வருகையில் பக்கத்தில் வந்து சொன்னாள்: "என் அலமாரியையும் அடுக்கிக் குடு. இப்பவே வா."

இரண்டு வீட்டு அலமாரிகளும் முதுகோடு முதுகு ஒட்டியவை. கட்டியவர்கள் கல்லை மிச்சம் பிடித்து, ஒரே குடைவை நடுவில் ஒரு பலகையால் தடுத்து இரண்டாக்கியிருந்தார்கள். அன்னாள் தன் பக்கத்துச் சேலைகளை அள்ளி வெளியே போட்டாள்.

"நீ அடி வாங்கும்போதெல்லாம் இதுக்குள்ள எலி பிராண்டுதுன்னு நெனச்சேன். விஷம் கூட வச்சேன். ஒரு நாள் காத வச்சுக் கேட்டா மூச்சு. அழுகிற மூச்சு. எலி அழாதுல்லா?"

முருகேஸ்வரி ஒரு சேலையை எடுத்துச் சுருட்டத் தொடங்கினாள்.

"நாங்க டிவிய வச்சுக்கிட்டு இருந்தோம்," என்றாள் அன்னாள். "அந்தக் கொறட எடு."

இரண்டு பேரும் நடுப்பலகையின் அடி ஆணிகளைப் பிடுங்கினார்கள். மேல் ஆணிகளை விட்டுவிட்டார்கள். தள்ளினால் நாய்க்குட்டி நுழைகிற தட்டி போலப் பலகை அன்னாள் வீட்டுப் பக்கம் தூக்கிக்கொண்டது. அன்னாளின் அலமாரியிலும் அடிப்பாகம் காலியானது. அங்கே கிடந்த சிலுவைராஜின் கவ்வாத்துக் கத்தியை, தேயிலைச் செடியை ஒரே வீச்சில் வெட்டுகிற அந்த வளைந்த கத்தியை, முருகேஸ்வரி என்ன செய்வதென்று பார்த்தாள். டியூபைக் கீறி அதன் வாய்க்கு உறை போட்டு, பக்கச் சுவரில் இரண்டு ஆணியடித்துத் தொங்கவிட்டாள். குனிந்தால் கைக்கு வரும்.

"நல்ல எடம்," என்றாள் அன்னாள்.

ஆர்த்தியிடம், "இனி அங்கயே உக்காந்திருக்காத. கொண்டியப் போடு, பலகையத் தள்ளு, அத்தை வீட்டுக்குப் போயிரு," என்று சொல்லி வைத்தார்கள். இரண்டு முறை அப்படியே போயிருந்தாள். போனவளுக்கு அங்கே முட்டையும் கிடைத்தது.

மூன்றாவது முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில் வந்தது. யாரோ பெரிய பார்ட்டி காத்திருக்கிறது என்று போன் வந்து, பாண்டித்துரை அவசரமாகக் கிளம்பினான். முந்தின நாள் போதை முழுதாக இறங்கவில்லை.

"சட்டை எங்கட்டி?"

முருகேஸ்வரி கீழே பைப்படியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு முறை கத்தினான். புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த ஆர்த்தி எழுந்து எடுத்துக் கொடுப்பதற்குள் தானே போய்க் கதவை இழுத்தான்.

அவனுக்கு உள்ளே ஒன்றும் புரியவில்லை. சட்டை எது, துண்டு எது என்று தெரியாமல் சுருள்களைப் பிடுங்கி எறிந்தான். டப்பா ஒன்று தலையில் இடித்தது. குனிந்தவன் கீழே இருந்த தலையணையைப் பார்த்தான். தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தான். கதவைத் திருப்பி, கொண்டியைப் பார்த்தான்.

குடத்தோடு உள்ளே வந்த முருகேஸ்வரி அவன் முகத்தைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நான் என்ன புலியாட்டி?" அவன் குரல் மெல்ல வந்தது. "பெத்த அப்பன்கிட்டருந்து பிள்ளைய ஒளிச்சு வைக்கியா?"

குடத்தாலேயே அடித்தான். தண்ணீரோடு வந்த குடம் அவள் தோளில் விழுந்து உருண்டது. அவள் விழுந்ததும் வயிற்றில் மிதித்தான். ஒரு மிதி, அப்புறம் இன்னொன்று. "ஊரு பாக்கும்படி எனக்குக் கொண்டி போடுதியா?" ஆர்த்தி குறுக்கே வந்தாள். அவள் கன்னத்தில் விழுந்த அறையில் காதுத்தோடு தெறித்தது. பிள்ளை தவழ்ந்து, பழகிய இடத்துக்குள் நுழைந்து, கொண்டியைப் போட்டுக்கொண்டது.

அந்தக் கொண்டி விழுந்த சத்தம்தான் அவனை மிருகமாக்கியது. வெளியே ஓடினான். ஜீப்பிலிருந்து ஜாக்கி லிவரை எடுத்து வந்தான். கதவில் குத்தினான். பலகை பிளந்தது. ஜீன்ஸ் பைகள் கிழிந்து ஊசியும் மெழுகுவர்த்தியும் சிதறின. மறுபடி குத்தினான். மிளகாய் டப்பா உடைந்து சிவப்பாகக் கொட்டியது. இருமிக்கொண்டே குத்தினான். முருகேஸ்வரி அவன் காலைப் பிடித்து இழுத்தாள். லிவரை அவள் முதுகில் ஒரு போடு போட்டுவிட்டுத் திரும்பினான். லயம் நெடுக டிவி சத்தம் ஏறியது. கடைசி வீட்டில் மட்டும் ஏறவில்லை.

கதவு விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. எதிரே ஒரு பலகை ஆடிக்கொண்டிருந்தது.

அவன் லிவரைப் போட்டுவிட்டு முழங்காலில் விழுந்து, பலகையைத் தலையால் முட்டித் தள்ளினான். தலை போனது, ஒரு தோள் போனது. மறு தோள் போகவில்லை. பிள்ளைக்கென்று கணக்குப் பார்த்த இடம் அது.

அந்தப் பக்கத்தில் அன்னாள் ஆர்த்தியைத் தன் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தாள். டியூப் உறையைக் கழற்றி, கவ்வாத்துக் கத்தியை அவன் பிடரியில் மெதுவாக வைத்தாள்.

"வாங்க தம்பி. தலைய மட்டும் கொண்டாந்திருக்கீக. மிச்சத்தையும் கொண்டாங்க."

அவன் பின்னுக்கு இழுத்தான். தோள் சிக்கியது. "அக்கா, இது எங்க குடும்ப விஷயம்..."

"என் அலமாரிக்குள்ளல்லா நடக்கு உம்ம குடும்ப விஷயம்."

இந்தப் பக்கம் அவனுடைய கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. முருகேஸ்வரிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. விழுந்தபோது கிழிந்த புருவத்திலிருந்து ரத்தம், காற்றில் மிளகாய். ஆனால் அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்பதற்கு அவளுக்குக் கண் வேண்டியதில்லை. கனமானதெல்லாம் தரையில், கதவோரம். கையை நீட்டினாள். குழவி இருந்தது. இரண்டு கையாலும் மார்பளவு தூக்கி, அவன் கணுக்கால்மேல் விட்டாள்.

எலும்பு முறிந்த சத்தத்தை இரண்டு வீட்டிலும் கேட்டார்கள். அதற்குப் பின் அவன் போட்ட அலறலைப் பக்கத்து லயத்திலும் கேட்டார்கள். டிவிகள் சட்டென்று அணைந்தன. இத்தனை வருஷமாக ஒரு பெண்ணின் அலறலுக்கு வராத லயம், ஆம்பளை அலறல் கேட்டதும் வாசலில் வந்து குவிந்தது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டபடி கங்காணி கந்தப்பன் முன்னால் வந்தார்.

சுவருக்குள்ளிருந்து அன்னாளின் குரல் வந்தது. "ஒண்ணுமில்ல. சட்டை தேடுனாரு."

நாலு பேர் பிடித்து இழுத்து அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். கூட ஜீப் ஓட்டுகிற ஷிஜு சாவியை வாங்கிக்கொண்டான். வண்டியைத் திருப்ப அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முருகேஸ்வரிக்கு அது போதும். சிதறிக் கிடந்ததில் சட்டைகள், கைலிகள், சவரக்கத்தி, மழைக்கோட்டு என்று அவனுடையது ஒன்று விடாமல் ஒரு அரிசிச் சாக்கில் போட்டு வாயைக் கட்டினாள். முதுகு நிமிரவில்லை. வளைந்தபடியே கொண்டுபோய் அவன் மடியில் வைத்தாள்.

"எல்லாம் இதுல இருக்கு. இனிமே என்கிட்டக் கேக்காதீக. போடில உங்க அண்ணன் வீட்டுல அலமாரி இருக்கும்."

"என் வீட்ட விட்டு என்னையே..." என்று ஆரம்பித்தான்.

"வீடு எஸ்டேட்டுது. வேல செய்யுற ஆளு பேருக்குல்லா குடுப்பாக," என்றார் கந்தப்பன், யாரையும் பார்க்காமல். "வேல செய்யுறது முருகேஸ்வரி."

ஆஸ்பத்திரியில் கேட்டபோது ஜாக்கி நழுவி விழுந்ததென்று அவனே சொன்னானாம். பொண்டாட்டி குழவியைப் போட்டாள் என்று எந்த வாயால் சொல்வான்? முருகேஸ்வரி அப்படி மறைக்கவில்லை. விலாவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, அன்னாளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், அவன் செய்ததையும் தான் செய்ததையும் சொல்லிவிட்டு வந்தாள்.

அலமாரிக்குக் கதவு இல்லாமல் போயிற்று. பழைய சேலையைத் திரையாகத் தொங்கவிட்டாள். கீழே காலியாக இருந்த இடத்தில் இப்போது ஆர்த்தியின் புத்தகங்கள். நடுப்பலகையை மட்டும் ஆணியடிக்கவில்லை. அது வழியாகக் குழம்புக் கிண்ணம் போய் வருகிறது. உடைந்த கதவிலிருந்து கொண்டியைக் கழற்றி, வாசல் கதவின் உள்பக்கம் திருகினாள். அங்கே இருந்த தாழ்ப்பாள் அவன் உதையில் எப்போதோ போயிருந்தது.

மழை பிடித்த ஒரு சாயங்காலம் வெளியே கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. அப்புறம் கதவு அதிர்ந்தது.

"ஈஸ்வரி, கதவத் தொற."

ஆர்த்தி எழுந்து அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். அலமாரிப் பக்கம் போகவில்லை. கதவு மறுபடி அதிர்ந்தது. கொண்டி தன் குழியில் ஆடியது, நின்றது.

பலகை தூக்கிக்கொண்டு அன்னாளின் குரல் வந்தது. "யாருட்டி அது, இந்த மழையில?"

முருகேஸ்வரி சுருட்டிக்கொண்டிருந்த சேலைக்கு வளையத்தை மாட்டினாள். "சட்டை கேட்டு வந்திருக்காக மதினி."

"எல்லாத்தையும் குடுத்துட்டல்லா?"

"குடுத்துட்டேன்."

"அப்ப நான் கந்தப்பனக் கூப்பிடுதேன்," என்றாள் அன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் உறை கழலும் சத்தம் கேட்டது. அன்றைக்கு லயத்தில் ஒரு வீட்டிலும் டிவி ஓடவில்லை.