சோம்பேறி என்று பேர் வாங்கியவள்

மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிறவளுக்குக் கால்தான் முதல். ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு. பாதிக்கு மேல் லிஃப்ட் இல்லாத கட்டடங்கள், மாடிக்கு மாடி மீட்டர். பதினோரு வருஷம் இந்த வேலையை அநாயாசமாகப் பார்த்தவள், முப்பத்தெட்டாவது வயதில் இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது, காதுக்குள் இரைந்தது. வீட்டில் இதற்கு உடனே பேர் வைத்துவிட்டார்கள்: சோம்பேறித்தனம்.

பேர் வைத்தவள் நாத்தனார், கணவனின் தங்கை. சின்னதாக ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற உத்தியோகம். டோக்கன் கொடுத்துக் கொடுத்தே வைத்தியம் கற்றுவிட்டதாக அவளுக்கு நினைப்பு. தெருவில் அவளை அரை டாக்டர் என்பார்கள். அரை என்பதே தாராளம். மீட்டர்க்காரிக்கு ஆறு வருஷமாகப் பெருங்குடலில் புண். அவ்வப்போது ரத்தமாகப் போகும். அதற்குத் தனி டாக்டர், தனி மருந்து எல்லாம் உண்டு. அரை டாக்டர் அதையெல்லாம் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பரிசோதனைத் தாளில் ஹீமோகுளோபின் எட்டரை என்று பார்த்ததும் அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ரத்தம் கம்மி, அவ்வளவுதான் அண்ணி. இதுக்குப் போய் பெரிய டாக்டரா? நான் இரும்பு மாத்திரை வாங்கித் தரேன்."

தினம் ஒன்று. பலனில்லை என்றதும் இரண்டு. பிறகு மூன்று. வயிறு முறுக்கிப் பிழிந்தது. மாத்திரையால் மலம் கரியாகக் கறுத்துப் போக, உள்ளே ரத்தம் கசிகிறதா இல்லையா என்று பார்ப்பதற்கும் வழியில்லாமல் போயிற்று. மூன்று மாதம் கழித்து எண் எட்டு புள்ளி மூன்று. வைத்தியம் பார்த்து எண்ணைக் குறைத்த பெருமை யாருக்கு வரும்?

அரை டாக்டர் அசரவில்லை. இன்னொரு பரிசோதனை எடுக்க வைத்தாள். உடம்பின் இரும்புக் கையிருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின், அறுபத்துநாலு.

"இங்க பாருங்க, பதினஞ்சுக்கு மேல இருந்தா போதும்னு பக்கத்துலயே போட்டிருக்கு. உங்களுக்கு அறுபத்துநாலு! உடம்புல ஒரு குறையும் இல்ல அண்ணி. மனசு வைக்கணும், அவ்வளவுதான்."

"அவ சொல்றதும் சரிதானே" என்றான் கணவன். தங்கை வாயைத் திறந்தால் தலையாட்டுவதைத் தவிர அந்த மனிதனுக்கு வேறு வேலை தெரியாது.

அந்த வாரமே அலுவலகத்தில் ஒரு புகார். நாலாம் மாடிக்கு ஏற முடியாமல், கீழே நின்றபடியே அந்த வீட்டம்மாவுக்குப் போன் போட்டு, மீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். சூப்பர்வைசர் கூப்பிட்டு விட்டார். மாடிப்படியைப் பார்த்தே பல வருஷமான ஆசாமி.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன்மா. அன்னிக்கு நானே வந்து கீழ நிப்பேன். ஏற முடியலைன்னா வேற ஆளப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

வீட்டுக்கு வந்து இரண்டு தாளையும் கட்டில்மேல் விரித்துப் போட்டாள். கையிருப்பு இருக்கிறதாம், ரத்தம் மட்டும் ஏறவில்லையாம். மீட்டர் ஓடுகிறது, வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் அவள் வீட்டுக்காரரை மனசு வைக்கச் சொல்லமாட்டாள், மீட்டர் கோளாறு என்று எழுதுவாள். இத்தனை வருஷம் ஊரார் மீட்டரைச் சந்தேகப்பட்டவளுக்கு, தன் தாளைச் சந்தேகப்பட ஏழு மாதம் ஆகியிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் அரை நாள் லீவு போட்டுக் குடல் டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தது அரை நிமிஷம்.

"மூணு மாத்திரை யார் போடச் சொன்னா?"

மீட்டர்க்காரி ஃபெரிட்டின் தாளை முன்னால் நகர்த்தினாள்.

"குடல் புண் கிளம்பியிருக்கும்போது இந்த அறுபத்துநாலை நம்பக் கூடாதும்மா. அழற்சியே அதை ஏத்திக் காட்டும். உங்களுக்கு நூறுக்குக் கீழன்னாலே பற்றாக்குறைதான். வாயால முழுங்கினா குடல் சரியா எடுத்துக்காது, வயித்துவலிதான் மிச்சம். இரும்பை நரம்பு வழியா ஏத்திடலாம். புண்ணுக்கும் மருந்தை மாத்தணும், இல்லேன்னா திரும்ப இறங்கிடும்."

"மாசக் கடைசிக்குள்ள மாடி ஏறிடுவேனா டாக்டர்?"

"இருபத்தாறு நாள் இருக்கே. பாப்போம்."

கறுத்த பழுப்பு நிறத்தில் ஒரு பை. அரை மணி நேரம் சொட்டியது. இன்னொரு அரை மணி ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போகிறதா என்று நர்ஸ் பார்த்திருந்தாள். அடுத்த வாரம் இன்னொரு பை. புண்ணுக்கு மாற்றிய மருந்தையும் சேர்த்து இவ்வளவேதான் வைத்தியம்.

மூன்றாம் வாரம் முகத்தில் நிறம் திரும்பியதும் அரை டாக்டர் கொஞ்சமும் கூசாமல் சொன்னாள்: "பாத்தீங்களா, நான் குடுத்த மாத்திரை இப்பதான் பிடிச்சிருக்கு."

மாசக் கடைசியில் சூப்பர்வைசர் சொன்னபடி வந்து கீழே நின்றார். அவள் ஏறினாள். கம்பியைத் தொடாமல் இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. மேலே மூச்சு சாதாரணமாக வந்தது. வேலை தப்பித்தது. சந்தோஷம் வரும் என்று நின்றாள்; வந்தது எரிச்சல். நாத்தனார் முட்டாள், கணவன் தலையாட்டி, கீழே நிற்கிறவர் நாற்காலி. அவர்களைத் திட்டித் தீர்த்துவிடலாம். ஆனால் இந்த ஏழு மாதமும் ஒவ்வொரு விடியலிலும் படுக்கையைவிட்டு எழ முடியாமல் கிடந்தபோது, 'எழுந்திருடி சோம்பேறிக் கழுதை' என்று முதலில் சொன்னது அவளேதான். வேறு யாரும் சொல்வதற்கு முன்னாலேயே, வாய்விட்டு, நம்பிச் சொன்னாள்.

மீட்டர் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணைக் குறித்தாள்.