அம்சா எழுதிய விடைத்தாள்

முசரவாக்கத்து மகளிர் குழுக் கட்டிடத்தில் பதினெட்டுப் பெண்களைப் பாயில் உட்கார வைத்து, ஆளுக்கொரு மஞ்சள் அட்டைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். அம்சா முதல் பக்கத்தைத் திறந்தாள். ஓர் அணில் வாலைத் தூக்கிக்கொண்டு சிரித்தது. அதற்குப் பக்கத்தில் ஓர் ஆடு. பக்கத்தைத் திருப்பினால் ஓர் இலை, ஓர் ஈ.

"இந்த ஈயப் பாக்கறதுக்கா நான் மாட்டுக்குத் தண்ணி காட்டாம ஓடியாந்தேன்?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

பெண்கள் சிரித்தார்கள். ஒருங்கிணைப்பாளர் பாண்டியனும் சேர்ந்து சிரித்தார். புத்தகம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போலும். அவர் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆள். சுற்றுவட்டாரத்தில் ஒன்பது ஊர்களில் முதியோர் எழுத்தறிவு வகுப்பு நடத்தும் பொறுப்பு அவருடையது. வருவார், கைப்பேசியில் நான்கு படம் எடுப்பார், அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

அம்சா படிப்பு ஆசையில் வந்தவள் அல்ல. அவள் கணவன் ராஜவேலு பதினேழு வருஷமாகச் செவிலிமேட்டிலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ ஓட்டினான். சர்க்கரை கண்ணில் இறங்கி, எதிரே வருவது லாரியா மாடா என்று தெரியாமல் போனபின் ஆட்டோ வாசலில் நின்றது. அம்சா அதை எடுத்து ஊருக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒரே வாரத்தில் கை படிந்துவிட்டது. குறுகலான சந்தில் ராஜவேலுவைவிட லாவகமாகத் திருப்பினாள். இனி உரிமம் வாங்க வேண்டியதுதான் பாக்கி என்று பழகுநர் தேர்வுக்குப் போனாள்.

அங்கே ஒரு திரையில் கேள்வி வந்தது. கீழே சில விடைகள். சில நொடிகளுக்குள் ஒன்றைத் தொட வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு அம்சா எழுத்துக் கூட்டினாள். 'மஞ்சள்' என்பது வரை வந்துவிட்டது. அடுத்த வார்த்தையை 'கேரடு' என்று படித்தாள். கேரடு என்றால் என்ன என்று யோசிப்பதற்குள் கேள்வி ஓடிப்போய்விட்டது. அது 'கோடு'. சாலை நடுவில் போட்டிருக்கும் மஞ்சள் கோடு. அதைத் தாண்டக் கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தோற்றாள். பக்கத்து நாற்காலிக்காரன் மீசை கூட முளைக்காதவன். தட்டித் தட்டி முடித்துவிட்டு விசிலடித்துக்கொண்டே எழுந்து போனான்.

அந்த எரிச்சலோடுதான் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். புத்தகமோ அவளுக்கு அணிலைக் காட்டியது.

போகப் போக இன்னும் மோசம். ஒன்பதாம் பாடத்தில் கமலா என்று ஒருத்தி வந்தாள். கமலா பல் துலக்கினாள். கமலா கை கழுவினாள். கமலா வீட்டைப் பெருக்கினாள். கமலா எல்லோரிடமும் இனிமையாகப் பேசினாள். புத்தகம் எழுதியவர்களுக்கு, படிக்கத் தெரியாத பெண் என்றால் பல்லும் துலக்கத் தெரியாதவள் என்று எண்ணம்.

"யாரும்மா இந்தக் கமலா? வேல வெட்டி எதுவும் கெடையாதா இவளுக்கு?" என்றாள் அம்சா.

பாடம் நடத்தியவள் பிரியதர்ஷினி. கூரத்துப் பெண், இருபத்திரண்டு வயது. தன்னார்வலராக ஒரு வருஷம் கற்பித்தால் சான்றிதழ் உண்டு, வேலைக்கு மனுப் போடும்போது உதவும் என்று சொல்லிப் பாண்டியன் சேர்த்துவிட்டிருந்தார். அவள் மெல்ல, "அக்கா, புத்தகத்துல இருக்குறதத்தான் நான் சொல்லித்தர முடியும்," என்றாள்.

"அப்போ புத்தகமே சொல்லித்தரட்டும். நீ எதுக்கு வெயில்ல பஸ் ஏறி வர்ற?"

பிரியதர்ஷினியின் கண் கலங்கிவிட்டது. அம்சாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. கரும்பலகையில் இருந்த 'கொடு' என்ற வார்த்தைக்கு அடியில் விரலை வைத்தாள்.

"இங்க பாரு பாப்பா. மொதல்ல கொம்பு இருக்குது. அத நான் இன்னான்னு படிக்கறது? சத்தமே கெடையாது. அப்பறம் 'க' இருக்குது. அப்பறம் ஒரு 'ர' நிக்குது. கெ, ர, டு. கெரடு. நான் படிச்சதுல இன்னா தப்பு?"

பிரியதர்ஷினி 'கொடு'வுக்குப் பக்கத்தில் ஒரு 'ர' எழுதி, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். துணைக்காலை 'ர' என்று படிக்க முடியும் என்பது அவளுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. அணிலை வரையக் காசு செலவழித்தவர்களுக்கும் தோன்றியிருக்காது.

இரண்டு நாள் கழித்து ஒரு பை நிறைய அட்டைகளோடு வந்தாள். அவள் அண்ணன் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் வேலை பார்க்கிறான். நசுங்கிப்போன புடவைப் பெட்டிகளை வாங்கி வந்து உட்கார்ந்து வெட்டியிருக்கிறாள். எழுத்துகள் வெள்ளை அட்டையில். கொம்பும் துணைக்காலும் சிவப்பு அட்டையில், தனித்தனியாக.

"அக்கா, செவப்புக்குத் தனியா சத்தம் கெடையாது. அது எழுத்துக்கு ரெண்டு பக்கமும் ஒட்டிக்கினு வர்ற ஆளுங்க. 'ர' எப்பவும் வெள்ளையிலதான் வரும். மொதல்ல வெள்ளையப் பிடிங்க. அப்பறம் ரெண்டு பக்கமும் திரும்பிப் பாருங்க, யாரு நிக்கறாங்கன்னு."

அம்சா வெள்ளை 'க'வைக் கீழே வைத்தாள். இடப்பக்கம் இரட்டைக் கொம்பை வைத்தாள். "கே." வலப்பக்கம் காலையும் வைத்தாள். வாய் தானாகக் குவிந்தது. "கோ." பக்கத்தில் 'டு'வைத் தள்ளினாள்.

"கோடு! அடச்சீ, இதுவா? இதுக்கா அன்னைக்கு முழிச்சிக்கினு குந்தியிருந்தேன்?"

அதற்குப்பின் கமலா மூடியே கிடந்தாள். அம்சா கேட்ட வார்த்தைகள் அட்டையில் ஏறின. வேகம், வளைவு, சாலை, முந்தாதே. காமாட்சியம்மாள் என்று ஒரு கிழவி, தினமும் பஸ்ஸில் கீரைக் கூடையோடு ராஜாஜி மார்க்கெட்டுக்குப் போகிறவள். அவளுக்கு ஊர்ப் பெயர்கள் வேண்டும். போர்டு படிக்கத் தெரியாமல் ஒருமுறை உத்திரமேரூர் வண்டியில் ஏறிவிட்டாளாம். அவளுக்கென்று பேருந்துப் பலகை போலவே நீளமாக அட்டை வெட்டினாள் பிரியதர்ஷினி.

மூன்றாவது மாதம் பாண்டியன் வந்தார். தரையில் பரப்பியிருந்த அட்டைகளைச் செருப்பு நுனியால் ஒதுக்கினார்.

"என்னம்மா இது குப்பை? திட்டத்துல இதெல்லாம் கெடையாதே."

"நல்லாப் படிக்கிறாங்க சார்," என்றாள் பிரியதர்ஷினி.

"படிக்கிறது அப்பறம். புத்தகம் எங்க? மேலிடத்துக்கு போட்டோ அனுப்பணும். எல்லாரும் புத்தகத்த விரிச்சிப் பிடிங்கம்மா."

பதினெட்டுப் பெண்களும் விரித்துப் பிடித்தார்கள். அம்சா தன்னுடையதைத் தலைகீழாகப் பிடித்தாள். முன்வரிசையில், நட்டநடுவில். வேண்டுமென்றேதான். பாண்டியன் குனிந்தும் நிமிர்ந்தும் ஏழெட்டுப் படம் எடுத்தார், "சூப்பர்" என்றார், போய்விட்டார். அன்றைக்கே அந்தப் படம் அவருடைய வாட்ஸ்அப் குழுவில் போனது; பிரியதர்ஷினி தன் கைப்பேசியில் அம்சாவுக்குக் காட்டினாள். கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. அந்தக் குழுவில் இருந்த, முதுகலைப் பட்டம் பெற்ற அத்தனை பேரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அன்று முதல் அம்சாவுக்குப் படித்தவர்கள் மேல் இருந்த கொஞ்ச நஞ்ச பயமும் போய்விட்டது.

பிப்ரவரியில் எழுத்தறிவு வகுப்பின் தேர்வு. முந்தைய நாளே பாண்டியன் பிரியதர்ஷினியிடம் சொல்லிவிட்டார்: விடைகளைப் பென்சிலில் மெலிதாக எழுதிவைத்துவிட வேண்டும். பெண்கள் அதன்மேல் பேனாவால் இழுத்தால் போதும். நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டியாக வேண்டும். பிரியதர்ஷினி முடியாது என்றாள். அவர் தாமே வந்து, தாமே உட்கார்ந்து எழுதினார்.

அம்சா தன் தாளை வாங்கிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் யாரோ ஏற்கெனவே எழுதியிருந்தார்கள்.

"இது யாருக்கு எழுதின தாளு சார்? எனக்குப் பென்சிலு படாத தாளு குடுங்க."

"அம்மா, கஷ்டப்படாதீங்கன்னுதான்."

"நான் ஆறு மாசமா கஷ்டப்பட்டது உங்களுக்குத் தெரியாது. இன்னைக்கு மட்டும் இன்னா அக்கறை?"

கொடுத்தார். மற்றவர்கள் பென்சில் கோட்டின்மேல் கோலம் இழுத்துவிட்டு அரை மணியில் எழுந்து போனார்கள். அம்சா உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு கேள்வியாக விரல் வைத்துப் படித்தாள். தெரிந்ததை எழுதினாள். தெரியாததை விட்டாள். கடைசிக் கேள்வி: 'இன்று உங்கள் ஊரில் நடந்த ஒன்றைப் பற்றி இரண்டு வரி எழுதுக.' அதைப் படித்ததும் அவள் முகம் மலர்ந்தது. பேனாவை அழுத்திப் பிடித்தாள். ஒவ்வொரு கொம்பையும் காலையும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

'பாண்டியன் சார் எல்லாருக்கும் பதில் எழுதி கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொன்னேன்.'

ஒற்று ஒன்று விட்டுப்போயிருந்தது. மற்றபடி ஒரு பிழை கிடையாது. தாளை வாங்கிய பாண்டியனுக்கு முகம் வெளுத்தது.

"என்னம்மா இப்படி எழுதி வெச்சிருக்கீங்க? இத அழிச்சிடுங்க. ஊரப் பத்தி வேற ஏதாச்சும் எழுதுங்க. ஏரி இருக்குது, கோயிலு இருக்குது."

"ஏரி இன்னைக்கு நடக்கல சார். இதுதான் இன்னைக்கு நடந்துச்சி."

"அழிங்கம்மா, சொல்றேன்ல."

"எழுதத்தான் கத்துக்கினேன். அழிக்கறது உங்க புத்தகத்துலயே இல்லயே."

பிரியதர்ஷினி தலையைக் குனிந்துகொண்டு மற்ற தாள்களை அடுக்கினாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

முடிவு வந்தது. பதினேழு பேர் தேர்ச்சி, ஒருவர் தேர்வுக்கு வரவில்லை. அந்த ஒருவர் அம்சா. மூன்று மணி நேரம் முதுகு வலிக்க உட்கார்ந்து எழுதிய தாள் எங்கே போயிற்று என்று சொல்ல ஆளில்லை. கேட்ட இடத்திலெல்லாம், "வரலைன்னு போட்டிருக்கே," என்று அவளிடமே முடிவுப் பட்டியலைக் காட்டினார்கள். அவளும் அதைப் படித்தாள். நன்றாகவே படிக்க முடிந்தது. பிரியதர்ஷினிக்குத் தன்னார்வலர் சான்றிதழும் வரவில்லை. திட்ட விதிகளை மீறினார் என்று காரணம் சொன்னார்கள்.

அது மட்டும்தான் அம்சாவை அறுத்தது. தன் வாய்க்கொழுப்புக்கு அந்தப் பெண் ஏன் தண்டனை வாங்க வேண்டும்? பஸ் ஏறிக் கூரத்துக்குப் போனாள். பிரியதர்ஷினியின் அம்மா, "நீ யாரு, எந்த ஊரு, எந்தத் தெரு?" என்றெல்லாம் விசாரித்துவிட்டு, நாற்காலியை வாசலுக்கு வெளியே போட்டாள். உள்ளேயிருந்து வந்த பிரியதர்ஷினி நாற்காலியைத் தூக்கிக் கூடத்தில் போட்டாள்.

"உள்ள வாங்கக்கா."

"என்னால உன் சர்ட்டிபிகேட்டு போச்சே பாப்பா."

"போனா போவுது. அந்தாளு கையெழுத்து போட்ட காயிதத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" சொல்லத்தான் சொன்னாள். வேலைக்கு ஆகும் என்று அவள் நம்பியிருந்த காகிதம் அது. அம்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரியதர்ஷினி எழுந்துபோய் அட்டைப் பையை எடுத்து வந்தாள். "லைசென்சு பரிச்ச என்னைக்கு உங்களுக்கு?"

வாரத்தில் மூன்று நாள், ஐந்து வாரம், அந்தக் கூடத்திலேயே சாலை விதிகளைப் படித்தார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து அந்த அம்மா காபி கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

ஏப்ரலில் அம்சா மறுபடியும் திரைமுன் உட்கார்ந்தாள். கேள்விகள் ஓடின. சிலவற்றைத் தவறவிட்டாள். ஆனாலும் தேறிவிட்டாள். பின்னர் வண்டியும் ஓட்டிக் காட்டி உரிமம் வாங்கினாள். இப்போது செவிலிமேட்டு ஸ்டாண்டில் மூன்றாவதாக நிற்கிற ஆட்டோ அவளுடையது. "பொம்பளை ஓட்டுறியா?" என்று கேட்கிறவர்களிடம், "இல்ல, ஆட்டோ ஓட்டுறேன்," என்கிறாள். காமாட்சியம்மாள் தன் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்சாதான் படித்துச் சொன்னாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் பாண்டியன் ஸ்டாண்டுக்கே வந்து நின்றார். பையில் புது வருஷத்துப் புத்தகம், பச்சை அட்டை.

"அம்மா, நல்லா இருக்கீங்களா? முசரவாக்கத்துல எழுத்தறிவு இல்லாதவங்க பட்டியல்ல இன்னும் ஒரே பேருதான் பாக்கி. உங்க பேரு. இந்த வருஷம் வந்து சேர்ந்துட்டீங்கன்னா ஊரே முழு எழுத்தறிவுன்னு அறிவிச்சிடலாம்."

அம்சா அவர் கையிலிருந்த பட்டியலை வாங்கினாள். தன் பெயரையும் வயதையும் எதிரே இருந்த 'கல்லாதவர்' என்ற வார்த்தையையும் நிதானமாக, வாய்விட்டுப் படித்தாள். வரிசையில் நின்ற மற்ற ஓட்டுநர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாண்டியன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரியாத்தான் டைப் அடிச்சிருக்கீங்க சார்," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "பஸ் ஸ்டாண்டு போறீங்களா? ஏறுங்க. இல்லன்னா வழிய விடுங்க, சவாரி வருது."

அவர் ஏறவில்லை. அம்சா வண்டியைக் கிளப்பினாள்.