சாவியை இரண்டு தடவை திருப்புகிறவர்கள்

சகினா அக்காவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் மந்தைவெளியில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர் முதலில் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையை ஏற்றிவிட வந்த ஓர் அம்மா, "எனக்கும் சொல்லிக்குடேன்" என்று கேட்டதில் ஆரம்பித்தது எல்லாம். அதற்கென்றே ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கி, இடப்பக்க இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் வைத்துக்கொண்டார். பிரேக்கின்மேல் கால், மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். யாரையும் அதட்டியதில்லை. கொறிப்பது நின்றால் எதிரே தண்ணீர் லாரி வருகிறது என்று அர்த்தம்.

அந்தக் கார் பங்குனி வெயிலில் படுத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் ஒரு நேரம் சமத்தாகக் கிளம்பும். இன்னொரு நேரம் செல்ஃப் மோட்டார் மட்டும் விர்ரென்று வெறுமனே சுற்றும். அதுவும் இல்லாவிட்டால் அம்மியில் தகரத்தைத் தேய்த்ததுபோல் கத்தும். முதலில் காட்டிய இடத்தில், "இன்ஜின் போச்சு, எடைக்குப் போட்டுடுங்க" என்றுவிட்டார்கள். எடைக்கு எடுப்பவர் அன்று சாயங்காலம் வருவதாகப் பேச்சு. இன்னொரு கார் வாங்க அக்காவுக்கு வழியில்லை. கார் போனால் வகுப்பும் போயிற்று.

கடைசியாக ஒருமுறை காட்டிவிடலாம் என்று, எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த ஷெட்டில் இருக்கும் மெக்கானிக் பிரபுவிடம் அன்று காலையிலேயே தள்ளிக்கொண்டு வந்தார்கள். தள்ளியது அவருடைய இரண்டு மாணவிகள்: மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருக்கும் கயல், அறுபது வயதில் லைசென்ஸ் வாங்கிய சுப்புலக்ஷ்மி மாமி. அக்கா உள்ளே ஸ்டியரிங்கில்.

"இன்னாக்கா, தேரா?" என்றான் பிரபு.

"தேருதான். நெலைக்கு வந்துடுச்சுன்றான் ஒருத்தன். நீ பாத்து சொல்லு நைனா."

பிரபு செல்ஃப் மோட்டாரைக் கழற்றித் தரையில் வைத்து, காலால் அழுத்திப் பிடித்து, பேட்டரி ஒயரைத் தொட்டான். மோட்டாரின் பல்சக்கரம் நாக்கை நீட்டுவதுபோல் வெளியே குதித்துச் சுழன்றது.

"செல்ஃப் நல்லா கீது."

"அப்ப இன்ஜின்தான் போச்சா?" அக்கா கொறிப்பதை நிறுத்தியிருந்தார்.

"இரு அக்கா, பாக்கறேன்."

மோட்டார் இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்தான். உள்ளே இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் பெரிய சக்கரம், ஃப்ளைவீல், தெரிந்தது. அதன் விளிம்பைச் சுற்றி ஒரு பல் வளையம். மோட்டாரின் சின்னச் சக்கரம் அந்தப் பற்களைக் கவ்வித்தான் இன்ஜினைச் சுற்றிவிட வேண்டும். கயலிடம் ஸ்பேனரைக் கொடுத்து, முன்பக்கமிருந்து இன்ஜினை மெதுவாகத் திருப்பச் சொன்னான். வெளிச்சத்தில் பற்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

"நல்லா கீது... நல்லா கீது... ஐயே, நிறுத்து!"

அங்கே பற்கள், கரைந்த சோப்பின் ஓரம்போல் மழுங்கியிருந்தன. இன்னும் திருப்பினால் நல்ல பற்கள், பிறகு மறுபடி மழுங்கல். மொத்தம் மூன்று இடம்.

"ஆஃப் பண்ணா இன்ஜின் இந்த மூணு எடத்துல ஒண்ணுலதான் வந்து நிக்கும். அதான் அங்கயே கடி. இன்ஜினுக்கு ஒண்ணும் ஆவலக்கா, பல்லுதான் போச்சு. ஓடிக்கினு இருக்கற வண்டில யாரோ திரும்பவும் சாவி போட்டுக்கீறாங்க."

கயல் ஸ்பேனரை முந்தானையில் துடைத்தாள். மாமி மின்சாரக் கம்பியில் காக்கை இருக்கிறதா என்று பார்த்தார்.

"ரோட்டு சத்தத்துல ஓடறதா இல்லையான்னு எங்கே கேக்கறது?" என்றார் மாமி கடைசியில். "இன்னொரு தரம் திருப்பிட்டா மனசுக்கு ஒரு நிம்மதி."

"நானும்தான்க்கா" என்றாள் கயல். "தெனமும்."

அக்கா சிரித்த சிரிப்பில் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார வேண்டியதாயிற்று. "நீங்க ரெண்டு பேரு மட்டுமா! எத்தினி வருசம், எத்தினி பொண்ணுங்க! அத்தினி பேர் பயத்தையும் இது மென்னு முழுங்கிக்கீது." கண்ணைத் துடைத்துக்கொண்டே எடைக்காரருக்குப் போன் போட்டார். "வராதீங்க பாய். ஆமா, வண்டி உயிரோட கீது."

மறுநாள் கியர்பாக்ஸை இறக்கி ஃப்ளைவீலை வெளியே எடுத்தான் பிரபு. லேத்துப் பட்டறையில் சூடு காட்டியதும் வளையம் விரிந்து கழன்று வந்தது. பற்கள் ஒரு பக்கம்தான் கடிபட்டிருந்தன. தோசையைப்போல் திருப்பிப் போட்டான். ஆறியதும் வளையம் ஃப்ளைவீலைக் கவ்விக்கொண்டது.

எல்லாம் பூட்டி முடித்த மதியம், முதல் தடவையிலேயே கார் கிளம்பியது. யாரும் கைதட்டவில்லை. முன்பும் நடுநடுவே இப்படிக் கிளம்பியதுதானே?

"இன்ஜின் எங்க வந்து நின்னாலும் எடுக்கணும். அப்பதான் ஒத்துக்குவேன்" என்றார் அக்கா. "ஏறு கயலு. வண்டிய ஆஃப் பண்ணிப் பண்ணி எடு. கிளட்ச்ச படக்குனு உடு."

கயலுக்கு அது கைவந்த கலை. தெருமுனைக்குள் நான்கு தடவை குலுக்கி நிறுத்தினாள். நான்கு தடவையும் கார் உடனே எடுத்தது. அடுத்து மாமி ஏறினார். கார் வெண்ணெய்போல் நகர்ந்தது. திரும்பி வந்தது, மறுபடி போனது. நிற்கவேயில்லை.

"மாமி, நிறுத்துங்க!"

"நிக்க மாட்டேங்கறதே! நிறுத்தாம ஓட்டத்தானே சொல்லிக் கொடுத்தே?"

"மொத நாளு எப்பிடி ஓட்னீங்க? அதே மாதிரி!"

மாமி கண்ணை மூடிக்கொண்டு கிளட்சிலிருந்து காலை எடுத்தார். கார் ஒரு துள்ளு துள்ளி ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றது. சாவி திரும்பியது. எடுத்தது. இன்னொரு துள்ளல், இன்னொரு சாவி, எடுத்தது. மேல்மாடிகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து இருக்கையில் அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கதவைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"போதும் மாமி, நல்லாதான் கீது!" என்று கத்தினான் பிரபு. "பெட்ரோல் தீந்துடும்!"

"சித்த இருடா" என்றார் மாமி. கார் மறுபடி துள்ளியது.