வெள்ளிக்கிழமை கவுன்சிலர்

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், அமீரகத்தின் அல் ஐனில் நான் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த தனியார் பள்ளிக்குச் சரித்திரம் எடுக்க ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வந்து சேர்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைக்கார ஆசிரியர்களுக்கு எங்களைவிடப் பல மடங்கு சம்பளம் என்பதால் ஸ்டாஃப் ரூமில் நாங்கள் அவர்களோடு ஒட்டுவதில்லை. இவர் வந்த வாரமே எங்கள் மேஜைக்கு வந்து, தன் சம்பளத்தைச் சத்தமாகச் சொல்லி, உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

அது திமிர் இல்லை, பழக்கதோஷம் என்று பிறகுதான் தெரிந்தது. அவருடைய அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி; சம்பளத்தை ஒளிக்காமல் பேசுகிற தொழிற்சங்க வீடு. இவர் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே ஊரில் கவுன்சிலராகவும் இருந்தவர், தீவிர இடதுசாரி. கவுன்சிலர் என்றதும் நமக்கு வெள்ளை வேட்டியும் பின்னால் நாலு ஆட்களும்தான் ஞாபகம் வரும். இவரோ சைக்கிளில் போய் நோட்டீஸ் கொடுத்து ஜெயித்தவர். வாராவாரம் ஊர் நூலகத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்துவிடுவாராம். கூரை ஒழுகுகிறது, தெருவிளக்கு எரியவில்லை என்று யார் வேண்டுமானாலும் வந்து சொல்லலாம். கடைசியில் அந்த நூலகத்தையே மூட வேண்டும் என்று இவருடைய கட்சி முடிவெடுத்தது. இவர் எதிர்த்து ஓட்டுப் போட்டார். கட்சி வெளியே தள்ளியது. தனியாக நின்று தோற்றார். நூலகமும் போனது. பிறகு ஊரில் இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்துவிட்டார்.

வந்த இடத்திலும் மனுஷன் சும்மா இருந்தாரா? வெள்ளிக்கிழமை காலையில் மார்க்கெட் பக்கம் ஒரு கஃபட்டீரியாவில் மேஜை பிடித்து உட்கார ஆரம்பித்தார். பள்ளி பஸ் டிரைவர்களும் கூட்டிப் பெருக்குகிறவர்களும் தயங்கித் தயங்கி வந்தார்கள். எல்லோருக்கும் டீ அவர் செலவு. தமிழ் ஆட்கள் பேசுவதை மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார். முணுமுணுக்கிற கணவரையும் இழுத்துக்கொண்டு போவேன். ரூமில் ஏசி ரிப்பேர், ஓவர்டைம் தரவில்லை என்று சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் ஒருவர் முழுதாகக் காதுகொடுத்துக் கேட்கிறார் என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

அப்படி வந்தவர்தான் ராமநாதபுரம் பக்கத்து டிரைவர். மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அவருக்கு லீவு கோடையில்தான். பாஸ்போர்ட் கம்பெனி கையில்.

"பொண்ணு ஒரே அழுக, டீச்சர். நான் வராட்டி தாலி கட்ட விடமாட்டேங்குது. சார்ட்ட சொல்லுங்க."

அங்கே அர்பாபிடம், அதாவது பள்ளிக்கும் பஸ்களுக்கும் முதலாளியிடம், லீவு கேட்க ஒரு முறை உண்டு. சாயங்காலத் தொழுகை முடிந்து அவர் வீட்டு மஜ்லிஸில், விருந்தினர் கூடத்தில், ஆட்களைப் பார்ப்பார். தனியாகப் போக வேண்டும். சலாம் சொல்லி, கொடுக்கிற காவாவை, அந்த அரபுக் காப்பியை, குடித்து, அவர் உடம்பையும் ஒட்டகங்களையும் விசாரித்து, கிளம்பும்போது மெதுவாக விஷயத்தை எடுக்க வேண்டும். கொஞ்சம் குழைந்தால் டிக்கெட்டும் சேர்ந்து கிடைக்கும். எனக்கும் இது பிடிக்காது. ஆனால் வேலை நடக்கும். இதைத்தான் ஸ்காட்லாந்துக்காரரிடம் சொன்னேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. தனித்தனியாகப் போனால் தனித்தனியாகத்தான் தோற்பார்கள் என்றார். அவசர லீவு எல்லோருக்கும் உரிமை, அதை எல்லோரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும். டிரைவர் என் முகத்தைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார்.

"சார் சொல்றபடியே போவோம் டீச்சர். நமக்காக இம்புட்டு அலையுறாரு."

அடுத்த வாரம் ஒரு பஸ் நிறைய டிரைவர்கள் அர்பாப் வீட்டு வாசலில் போய் இறங்கினார்கள். ஸ்காட்லாந்துக்காரர் முன்னால் நின்று எல்லாவற்றையும் பேசினார். லீவு, பாஸ்போர்ட், ஏசி. அர்பாப் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. எல்லோருக்கும் காவா கொடுத்தார். இன்ஷா அல்லா என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சம்மதித்துவிட்டார், ஜெயித்துவிட்டோம் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் ஊரில் எதிர்ப்பு என்றால் கத்துவார்கள், மேஜையைத் தட்டுவார்கள். காவா கொடுத்து, இறைவன் நாடினால் என்று வழியனுப்பி வைக்கிற எதிர்ப்பை அவர் பார்த்ததே இல்லை.

அந்த வாரம் முடிவதற்குள் ராமநாதபுரத்துக்காரரின் விசாவை கேன்சல் செய்துவிட்டார்கள். ஊருக்குப் போகத்தானே கேட்டாய், போ, கலாஸ், முடிந்தது. மற்ற டிரைவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்காட்லாந்துக்காரரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அவர் அன்று சாயங்காலமே அர்பாப் வீட்டுக்குப் போனார். தனியாக. திரும்பி வந்து அவரே சொன்னதுதான் இது. காவா குடித்தாராம். ஒட்டகங்களை விசாரித்தாராம். பிறகு கெஞ்சினாராம். அர்பாப் கோபப்படவே இல்லை. "அவன் மட்டும் வந்திருந்தால் டிக்கெட் போட்டு அனுப்பியிருப்பேன். இத்தனை பேர் பார்க்கக் கொடுத்தால் நாளைக்கு யார் என் பேச்சைக் கேட்பார்கள்?" என்றாராம். வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சாத மனிதர், அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சொன்னேனே என்று நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அவர் கஃபட்டீரியாவுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆட்கள்தான் நிறுத்திவிட்டார்கள். எதிர்ப்பட்டால் மரியாதையாக வணக்கம் வைத்துவிட்டு நழுவினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரையும்தான்.

மாசி பிறந்த பிறகு டிரைவர் என் செல்லுக்குக் கூப்பிட்டார். கல்யாணம் நல்லபடியாக முடிந்ததாம். மகள் சிரித்த முகமாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாளாம். வேலை என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"மணல் லாரி ஓட்டுறேன் டீச்சர். திரும்ப வரணும்னா ஏஜென்டுக்குக் கட்ட காசு வேணும். அத விடுங்க. சார் அங்கதான இருக்காரு? அவரு வேலைக்கு ஆபத்து ஒண்ணும் வந்துரலையே?"

"இருக்கார். ஒண்ணும் ஆகலை."

"அப்பாடா. என்னால அந்த மனுசன் பொழப்பு போயிருச்சோன்னு ராத்திரி தூக்கமே இல்ல. சார கேட்டேன்னு சொல்லுங்க."

மறுநாள் இடைவேளையில் அதை அப்படியே அவரிடம் சொன்னேன். கையில் டீ கப்போடு நின்றுகொண்டிருந்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். கப்பை மேஜையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். அந்த நேரத்தில் அவருக்கு வகுப்பு கிடையாது.