பச்சைக் குடை வந்த அத்தியாயம்

எங்கள் எஸ்டேட் கிளப்பை இடித்தபோது, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா இரண்டு பெட்டி ஆங்கிலப் புத்தகங்களை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாற்பதுக்கு மேல் இருக்கும். அத்தனையும் ஒரே ஆள் எழுதியது, விக்டோரியா மகாராணி காலத்து எழுத்தாளர். "இந்த மனுசனுக்கு வேற வேலையே இல்லியா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவற்றைப் படித்தது சின்னம்மா ஒருத்திதான். அம்மாவின் தங்கை, எங்களோடு இருந்தாள். எங்கள் ஊரான ராசாவில் ரயிலேறி ரவாங் டவுனில் ஒரு கிளினிக்குக்கு வேலைக்குப் போவாள். போகவர ரயிலில் படித்ததை, சாயங்காலம் துணி மடித்தபடியே எனக்குத் தமிழில் சொல்வாள். சிறுகதை அன்றைக்கே முடியும். நாவல் மாதக்கணக்கில் ஓடும். அந்த எழுத்தாளர் வாரப் பத்திரிகைக்கு எழுதியவராம், நல்ல இடமாகப் பார்த்துக் கதையை அறுத்துவிடுவார். சின்னம்மாவும் அந்தக் கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

எனக்கு எட்டு வயது. இங்கிலாந்து எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. அதனால் அந்த மனிதர்களை எல்லாம் ராசாவிலேயே குடிவைத்தேன். செம்பனை வரிசைகளுக்குள் பனி இறங்கும் காலைகளில் தொப்பி வைத்த துரைமார் குதிரையில் போவதைக் கண்ணால் பார்த்தேன், சத்தியமாக! தகரக் கூரையில் மழை பெய்ய, பாதித் தூக்கத்தில் கேட்ட அத்தியாயங்களும் உண்டு. எது அவள் சொன்னது, எது நான் கனவு கண்டது என்று இன்றைக்கும் பிரிக்கத் தெரியவில்லை.

கேட்டதைச் சும்மா வைத்திருப்பேனா? பாத்திரம் கழுவும் அம்மாவிடம் அப்படியே ஒப்பிப்பேன். "அப்புறம்?" என்று அம்மாவும் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வருஷம் ஓடியது ஒரு பெரிய நாவல். தினமும் ரயிலில் போகும் ஒரு பெண், அவளை விரும்பும் ஓர் இளைஞன். இருவருக்கும் வேறு வேறு கோயில். அவன் கோயிலில் சிலையே கிடையாதாம். வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

"பாவம்லா அந்தப் புள்ள," என்றாள் அம்மா. "கட்டி வச்சா என்ன, குடியா முழுகிடும்?"

இதை மறுநாள் சின்னம்மாவிடம் சொன்னேன். அவள் மடித்த துணியை அப்படியே விட்டாள். "அக்காவா அப்படிச் சொன்னாங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். அன்றைய அத்தியாயம் வழக்கத்தைவிட நீளம்.

அதில் மழை. அந்த எழுத்தாளரின் கதைகளில் நனைந்தவர்களுக்கெல்லாம் தவறாமல் காய்ச்சல் வரும். இந்த இளைஞன் மட்டும் ஸ்டேஷனில் தன் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு, தன் அப்பாவின் சாப்பாட்டுக் கடைக்கு நனைந்துகொண்டே ஓடினான். காய்ச்சலும் வரவில்லை.

"என்ன குடை?" என்றாள் அம்மா.

கதவுக்குப் பின்னால் சின்னம்மா புதிதாகக் கொண்டுவந்த குடை தொங்கியது. அம்மாவுக்கு நன்றாக விளங்கட்டுமே என்று கை காட்டினேன். "பச்சைக் குடையாம்மா. மரப்பிடி. அதோ, அது மாதிரியே!"

அம்மா குழாயை மூடிவிட்டு அந்தக் குடையைப் பார்த்தபடி நின்றாள். "அப்புறம்?" என்று கேட்கவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது.

பல வருஷம் கழித்து அந்த நாவலைத் தேடிப் படித்தேன். அறுநூறு பக்கத்தில் அந்தப் பெண் ஒரு தடவைகூட ரயில் ஏறவில்லை.

நான் குடையைக் காட்டியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெலுக் இந்தானிலிருந்து மாமா காரில் வந்தார். சின்னம்மா இனி வேலைக்குப் போக வேண்டாம், மாமா வீட்டில்தான் இருப்பாள் என்றார்கள். அவள் முகம் வீங்கியிருந்தது. எனக்கோ கதை பாதியில் நிற்கிற கவலை. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"முடிவச் சொல்லிட்டுப் போங்க சின்னம்மா!"

அவள் அம்மாவைப் பார்த்தாள். "அந்தப் பொண்ண வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க. அவ்ளோதான்லா."

"நல்லாவே இல்ல! மாத்துங்க!" என்று காலை உதைத்து அழுதேன். அம்மா உள்ளே போய்விட்டாள். கார் கிளம்பிப் போனது.

அந்த முடிவை மாற்றச் சொல்லி அழ, அந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். அது என் வாயிலிருந்து கிளம்பிய முடிவு என்று அப்போது எனக்குத் தெரியாது.