மார்க்கையன்கோட்டையில் என் சாவு

தேனி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்ப்பவர்கள் முதலில் ஏதோ சொந்தக்காரி என்றுதான் நினைப்பார்கள். எந்தக் கல்யாணத்தில் பார்த்தோம் என்று யோசித்து, பிறகுதான் டிவி என்று பிடிபடும். மாமியார், ஆஸ்பத்திரி ஆயா, பஞ்சாயத்தில் கத்துகிற சித்தி என்று வந்துபோகிற வேஷங்கள். எம்.ஏ. படித்த நான் இதுவரை கையெழுத்துப் போடத் தெரிந்த ஒருத்தியாக நடித்ததில்லை. அதில் வருத்தமும் இல்லை. அல்லிநகரத்தில் வீடு, கூப்பிட்டால் வேலை, ராயப்பன்பட்டியில் டீச்சராக இருக்கும் ஒரே மகள். அவள் ஸ்கூட்டி ஓட்டுவது ஒன்றுதான் எனக்குப் பயம்.

போன மாதம் மார்க்கையன்கோட்டையில் ஒரு சீரியல் படப்பிடிப்பு. கல்யாண வீட்டுக் காட்சி என்றார்கள். மகளிடமும் அப்படியே சொல்லியிருந்தேன். மாப்பிள்ளையாக நடிப்பவர் வந்து சேரவில்லை. அதனால் என் சாவை முன்னால் எடுத்துவிடலாம் என்றார் டைரக்டர். என் செல்போனை உதவி டைரக்டர் பையில் போட்டுக்கொண்டார். மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைத் துணியால் கட்டி, பெஞ்சில் கிடத்தினார்கள்.

எங்கள் பக்கம் சாவு வீடு என்றால் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் இருந்தாக வேண்டும். படப்பிடிப்புக்காரர்கள் அதையும் விடவில்லை. என் படத்தைப் பெரிதாகவும் கதாபாத்திரத்தின் பெயரைக் கீழேயும் அடித்து, பஸ் போகிற ரோட்டிலேயே கட்டிவிட்டார்கள். பிளெக்ஸில் படத்தைத்தானே பார்ப்பார்கள், பெயரை யார் படிக்கிறார்கள்? அந்த வழியாகப் போன யாரோ என் மகளுக்குப் போன் செய்துவிட்டார்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது நான் மூச்சை அடக்கிக் கிடந்தேன். சுற்றிலும் உள்ளூர்ப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். திடீரென்று "அம்மா!" என்று ஒரு குரல். யாரோ வந்து என் காலில் விழுந்தார்கள்.

தலைமாட்டில் இருந்தவள் கிசுகிசுத்தாள்: "ஆத்தாடி, என்னமா அழுகுது இந்தப் பிள்ள! மெட்ராஸ்ல இருந்து கூட்டியாந்துருப்பாகளோ?"

"நீயுந்தான் அழுகுறியே, கொட்டாவி விட்ட மாதிரி" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

டைரக்டரும் கட் சொல்லவில்லை. ஆனால் என் பாதத்தைப் பிடித்திருந்த கை யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

மகள் அலறவில்லை. வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள். அவள் முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்திருந்தது. தாடைக்கட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, "எங்கடி விழுந்த?" என்றேன்.

"விழுந்தா என்னம்மா? நீ செத்துட்டன்னு சொன்னாக. போன் அடிச்சா எடுக்கவும் இல்ல." என் தோளில் அடித்துக்கொண்டே அழுதாள். சின்னமனூர்ப் பக்கம் ஒரு வளைவில் வண்டி சறுக்கிவிட்டதாம். பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டு நின்றதாம்.

அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மேக்கப்காரர் மறித்தார். பிணமாக நடித்தவர் எழும் முன் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், பிறகு பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வழக்கம். நான் சிரிக்காமல் எழுந்துவிட்டேன்.

"சிரிக்காமப் போகாதீக மதினி, ஆகாது" என்றார்கள் அழுத பெண்களும்.

"எனக்குச் சிரிப்பு வரலப்பா."

"படும்மா" என்றாள் மகள். சாமிக்கே சூடம் கொளுத்தாத பிள்ளை அவள். "படுத்துச் சிரி. அப்புறம் வீட்டுக்குப் போகலாம்."

மறுபடி படுத்தேன். பல்லைக் காட்டினேன்.

"மேடம், அழுகிற மாதிரி இருக்கு" என்றார் டைரக்டர்.

"ஒழுங்காச் சிரிம்மா!" கேமரா பக்கத்தில் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதட்டுவதுபோல் அதட்டினாள். அவள் முழங்கையில் யாரோ மஞ்சள்தூளை அப்பியிருந்தார்கள், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தக் கோலத்தில் அவள் அதட்டவும் எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

பூசணிக்காயை அவளே வாங்கி உடைத்தாள். ஸ்கூட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினோம். வீரபாண்டி தாண்டும் முன்பே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.