ஊரே சேர்ந்து போட்ட பட்டினி

யாருக்கும் தெரியாமல் பெண்ணின் ஊரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் கொல்லிமலைக்கு பஸ் ஏறினேன். என் மகன் நாமக்கல்லில் தன்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறான். பெண் அரியூர் நாட்டுக்காரி; மலைமேல் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். நாங்கள் அடிவாரத்தில், பேளுக்குறிச்சிப் பக்கம். மலைக்காரர்களிடம் சந்தையில் மிளகு வாங்கிப் பழக்கமே தவிர சம்பந்தம் பண்ணிப் பழக்கமில்லை. "மலைமேல போயி யாராச்சும் பொண்ணு எடுப்பாங்களா?" என்று கொழுந்தனார் குதித்தார். வீட்டுக்காரர் வழக்கம்போல, "நீயே பாத்துச் சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டார். மகனோ, "நீங்க வேண்டாம்னா உட்டர்றேம்மா" என்றான். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். விட்டுவிடுகிறேன் என்கிற பிள்ளையிடம் என்னத்தைப் பேசுவது?

உண்மையைச் சொன்னால், ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்துக்கொண்டு திரும்பும் எண்ணத்தில்தான் போனேன். வீடு சரியில்லை, ஆட்கள் சரியில்லை, இப்படி ஏதோ ஒன்று. ஒன்று கிடைத்தால் போதும், மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

வளைவுகளில் வாந்தி வருமே என்று காலையில் எதுவும் சாப்பிடவில்லை. செம்மேட்டில் இறங்கியதும் தலை சுற்றலோடு பசியும் சேர்ந்துகொண்டது. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். மிளகும் சீரகமும் தூக்கலாக, அசல் ஆட்டுக்கால் சூப் கணக்காகவே இருந்தது. கடிக்கிறது கிழங்கா, கறியா என்று என் நாக்குக்கே குழப்பம். நல்லாத்தான் இருந்தது. நல்லாயிருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

அங்கிருந்து அரியூர் பஸ். ஊர்ப் பேரைச் சொல்லி டிக்கெட் கேட்டதும் கண்டக்டர் என் மூஞ்சியையே பார்த்தார்.

"அங்க யாரு ஊட்டுக்குங்க போறீங்க?"

"சும்மா ஒரு சோலியா" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மடியில் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். அவித்த மரவள்ளிக் குச்சிக்கிழங்கு, ஆவி பறந்தது. ஓரத்தில் பச்சைமிளகாய்ச் சட்னி. "எடுத்துக்குங்கக்கா" என்று நீட்டினார். கை நீட்டப் போனேன். அதற்குள் கண்டக்டர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பொட்டலத்தை மெதுவாக மடித்துவிட்டார்.

"அய்யோ, இது ஆறிப்போச்சுங்கக்கா. உங்களுக்கு ஒத்துக்காதுங்க."

ஆவி பறக்கிற கிழங்கு எப்படி ஆறிப்போகும்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பள்ளத்தில் நெல் வயல், அதற்கு மேலே பலா மரங்கள், மரத்துக்கு மரம் ஏறியிருந்த மிளகுக்கொடி. பார்க்க அத்தனை அழகு. இந்த வயிற்றை வைத்துக்கொண்டு அழகை என்ன செய்வது?

ஊரில் இறங்கியதும் நேராக டீக்கடைக்குப் போனேன். "ஒரு டீ போடுங்க" என்றேன்.

"பாலு இல்லீங்க" என்றார் கடைக்காரர்.

அவருக்குப் பின்னாலேயே அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"அப்ப அது என்னங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். பதறிப்போய் அடுப்பை அணைத்தார். "அது... அது வேற பாலுங்க" என்றார்.

பெட்டிக்கடையில் பிஸ்கட் கேட்டால், தேதி முடிந்துபோனதாம். எனக்குத் தலை கிறுகிறுத்தது. பைத்தியம் எனக்கா, இந்த ஊருக்கா?

கடைசியாக ஒரு சின்ன ஓட்டல். வாசலிலேயே நாட்டுக்கோழிக் குழம்பு வாசம் ஆளைத் தூக்கியது. உள்ளே நாலு பேர் சாமைச்சோற்றைக் குழைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நடத்துகிறவர் என் வயதுப் பெண்மணி. என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, "சோறு தீந்துபோச்சுங்க" என்றார். சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம்.

"ஏனுங்க, என்னைப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுது? பஸ்ஸுல கெழங்கு ஆறிப்போச்சுங்கறாங்க. கடையில பொங்குற பால இல்லேங்கறாங்க. இங்க குண்டா நெறையச் சோத்த வெச்சுக்கிட்டுத் தீந்துபோச்சுங்கறீங்க. கீழ் நாட்டுக்காரிக்கு ஒரு வாய் சோறு போடக்கூடாதுன்னு கட்டுப்பாடா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. பொண்ணுக்கு நான் சொந்த அத்தைங்க. டீக்கடைக்காரர் பெரியப்பன். பஸ்ஸுல கெழங்கு நீட்டுனது சின்னம்மா. பெட்டிக்கடையும் பங்காளிங்கதான். உங்க பையன் போட்டோவ பொண்ணு போன்ல காட்டி ஊரே பாத்திருக்குதுங்க. அப்படியே உங்க மூஞ்சி. பாத்ததும் கண்டக்டர் போன் பண்ணிட்டாரு."

ஒளிந்து ஒளிந்து வந்தவளை ஊர் முழுக்க எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது!

"சம்மதம்னு சொல்லாம பொண்ணு பக்கத்துல கை நனைக்கக் கூடாதல்லங்க? தெரியாத்தனமா நீங்க எங்ககிட்டச் சாப்பிட்டுப்புட்டு, நாளைக்கு வேண்டாம்னு சொல்லணும்னா உங்களுக்கு எத்தனை சங்கடம்? எங்க புள்ளைக்கும் பேச்சாயிரும். உங்க மனசுபோலச் சொல்லோணும். அதான், பஸ்ஸு திரும்பற வரைக்கும் ஆளாளுக்குச் சமாளிச்சோம். செம்மேட்டுல எறங்கி வயிறு நெறையச் சாப்பிட்டுக்குங்க. இங்க வேண்டாம்."

எங்கள் பக்கத்திலும் அதே வழக்கம்தான். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் சாப்பிட்டால் சரியென்று சொன்ன மாதிரி. என்னை யாரும் அடையாளம் காணமாட்டார்கள் என்று நினைத்தேன் பாருங்கள், அதில் எல்லாம் மறந்துபோயிற்று. நான் குறை தேடிக்கொண்டு வந்தேன். இவர்களானால், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக ஒரு வழியை எனக்காகத் திறந்துவைத்துக்கொண்டு, அதைக் காக்கப் பொய்மேல் பொய்யாகச் சொல்லியிருக்கிறார்கள். அழுவதா, சிரிப்பதா, இன்னும் கோபப்படுவதா என்று தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் பெண் எடுக்காமல் வேறு எங்கே போய் எடுப்பது என்று தோன்றியது. கொழுந்தனார் என்ன ஆட்டம் ஆடுவார் என்றும் உடனே தோன்றியது. பெண் வீட்டை நான் இன்னும் பார்க்கக்கூட இல்லையே!

வெளியே பஸ் திரும்பி வந்து நின்று ஹாரன் அடித்தது. "போயிட்டு வாங்க" என்று அந்த அம்மா எழுந்தார்.

நானும் எழுந்தேன். வாசல் பக்கம் போகவில்லை. மூலையிலிருந்த தொட்டியில் கையைக் கழுவிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"எலையப் போடுங்க" என்றேன்.

அவருக்குக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அப்படியே நின்றார். "ஏனுங்க, பசி உசுரு போகுது, எலையப் போடுங்க" என்று மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். அதற்கப்புறம்தான் உள்ளே ஓடினார். இலை போட்டு, சோறு வைத்து, குழம்பை ஊற்றிய அவசரத்தில் பாதியை இலைக்கு வெளியே சிந்தினார்.

என்னைக் கூப்பிட கண்டக்டர் வாசலில் வந்து தலையை நீட்டினார். சோற்றில் இருந்த என் கையைப் பார்த்தார். திரும்பி பஸ்ஸைப் பார்த்துக் கத்தினார்.

"அம்மா வரலீங்க! கை நனைச்சுட்டாங்க!"

பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். விசில் அடித்து பஸ் போயே போய்விட்டது. நான் ரெண்டாவது வாய் எடுப்பதற்குள் போன் அடித்தது. மகன். இடது கையால் எடுத்துக் காதில் வைத்தேன். அதற்குள் சேதி நாமக்கல்லுக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"அம்மா, சாப்டீங்களாம்மா?" என்றான்.

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன் சாமி" என்றேன்.